படிவம் 1 மாணவிக்கு வரும் ஒப்புதல் பாரம்: எச்.பி.வி. தடுப்பூசி விழுக்காடு எதைச் சொல்கிறது?

இடைநிலைப்பள்ளியில் காலடி எடுத்து வைக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் தாள்கள் ஏராளம். பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடை, சீருடை இயக்கம், புறப்பாட நடவடிக்கை என ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். அந்தத் தாள்களுக்கு நடுவே மாணவிகளுக்கு மட்டும் ஒரு பாரம் வரும். மலாய்மொழியில் இருக்கும் அதைப் பல வீடுகளில் யாரும் முழுமையாக வாசிப்பதில்லை. எச்.பி.வி. தடுப்பூசிக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதத்தைக் கேட்கும் பாரம் அது.

மற்ற பாரங்கள் தவறினால் பிள்ளைக்குப் பெரிய இழப்பு வராது. இந்த ஒன்று தவறினால் அதன் விளைவு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தெரியவரலாம். பதின்ம வயதினரிடையே தடுப்பூசி விழுக்காடு ஏன் சில ஆண்டுகளில் உயர்கிறது, ஏன் சில ஆண்டுகளில் சரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பாரத்தின் கதையே போதுமானது.

எந்த நோய்க்கு எதிராக?

எச்.பி.வி. என்பது தோலையும் சவ்வுகளையும் தொற்றும் கிருமி. இதில் நூற்றுக்கும் அதிகமான வகைகள் உள்ளன. பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஆனால், 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரு வகைகள் மட்டுமே உலகில் ஏற்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமாக இருக்கின்றன. எச்.பி.வி. கிருமிக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹாவ்சனுக்கு 2008இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மணவாழ்வில் இருக்கும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தக் கிருமி தொற்றுகிறது. பத்தில் ஒன்பது பேரின் உடல், இரண்டு ஆண்டுகளுக்குள் அதை வெளியேற்றிவிடுகிறது. எஞ்சியோரிடம் அது தங்கிவிடுகிறது. அவர்களில் சிலருக்குக் கருப்பை வாயின் உயிரணுக்கள் மெல்ல மெல்ல மாறி, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாகின்றன. அந்தக் காலம் முழுவதும் வலியோ வேறு அறிகுறியோ இருப்பதில்லை.

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையில், பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகம், பெருங்குடல் ஆகியவற்றுக்கு அடுத்து கருப்பை வாய்ப் புற்றுநோய் மூன்றாம் இடத்தில் உள்ளது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, மலேசியாவில் ஓராண்டில் 1,740 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 991 பேர் இறந்தனர். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் வெளிவந்த பதிவேட்டு அறிக்கைகளைப் பார்த்தால், மலாய்ப் பெண்களைவிட இந்திய, சீனப் பெண்களிடையே நோய் விகிதம் அதிகமாக இருந்தது தெரிகிறது. அந்த வகையில் நம் சமூகத்துக்கு இது தொலைவில் உள்ள விஷயம் அல்ல.

13 வயதில் ஏன்?

“இந்தச் சின்ன வயதில் இது எதற்கு?” என்பதே பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. கிருமி உடலுறவின் வழி பரவுவது என்று தெரிந்ததும் சிலருக்குச் சங்கடம் ஏற்படுகிறது. மகளைப் பற்றி இப்போதே இதைப் பேச வேண்டுமா என்று தயங்குகிறார்கள்.

விடை எளிது. தடுப்பூசி தொற்றைத் தடுக்கும், ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்தாது. ஆகவே, கிருமியைச் சந்திக்க வாய்ப்பே இல்லாத வயதில் போட்டால்தான் முழுப் பயன் கிடைக்கும். திருமணத்துக்குச் சற்று முன் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 9 முதல் 14 வயது வரையிலான உடல், இத்தடுப்பூசிக்கு மிக வலுவான எதிர்ப்பாற்றலை உருவாக்குகிறது. அதனால்தான் இளம் வயதினருக்குக் குறைவான தவணைகளே போதுமாகின்றன.

மூன்றாவது காரணம் நடைமுறை சார்ந்தது. 13 வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். 18 வயதில் ஒருவர் கல்லூரியில், ஒருவர் வேலையில், ஒருவர் வேறு மாநிலத்தில் இருப்பார். அப்போது அவர்களைத் தேடிப்பிடித்து ஊசி போடுவது கடினம்.

மலேசியா எட்டிய உயரம்

மலேசியாவில் தேசிய எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் 2010இல் தொடங்கியது. 1997இல் பிறந்து, அவ்வாண்டு 13 வயதை எட்டிய மாணவிகளே முதல் அணி. உலகில் பல செல்வந்த நாடுகளே தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், அரசாங்கச் செலவில், பள்ளியிலேயே, எல்லா மாநிலங்களிலும் இத்தடுப்பூசி போடப்பட்டது. தொடக்கத்தில் மூன்று தவணைகள் கொடுக்கப்பட்டன. 2015 முதல் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது.

பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் மலேசியாவின் விழுக்காடு 80க்கு மேல் இருந்துவந்தது. இது எவ்வளவு பெரிய சாதனை என்பதை அறிய ஓர் ஒப்பீடு போதும். 2023இல்கூட, உலகெங்கும் உள்ள சிறுமிகளில் 27 விழுக்காட்டினரே எச்.பி.வி. தடுப்பூசியின் முதல் தவணையைப் பெற்றிருந்தனர்.

இந்த உயர்வுக்கு மலேசியப் பெற்றோர் மருத்துவம் படித்தவர்களாக இருந்தது காரணம் அல்ல. தாதியர் பள்ளிக்கே வந்தார்கள், பெற்றோர் காசு கொடுக்க வேண்டியதில்லை, வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, கிளினிக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கையெழுத்து மட்டும் போதும். இதே தடுப்பூசியைத் தனியார் கிளினிக்கில் போட்டால் பல நூறு ரிங்கிட் செலவாகும். இரண்டு மகள்கள் உள்ள குடும்பத்துக்கு அது ஒரு மாத வாடகைக்கு ஈடாகலாம்.

விழுக்காட்டை எப்படி வாசிப்பது?

“90 விழுக்காடு” என்று செய்தியில் வரும்போது, எதில் 90 என்று கேட்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியில் படிவம் 1 மாணவிகள் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 96 பேரின் பெற்றோர் ஒப்புதல் தருகிறார்கள். ஊசி போடும் நாளன்று நால்வர் பள்ளிக்கு வரவில்லை. ஆக 92 பேர் முதல் தவணை பெறுகிறார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாம் தவணை. அதற்குள் மூவர் பள்ளி மாறிவிட்டார்கள், ஐவர் அன்று விடுப்பு. முடிவில் முழுமையாகப் பெற்றவர் 84 பேர்.

இதில் 96, 92, 84 மூன்றுமே உண்மையான எண்கள்தான். ஆனால், பிள்ளைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பைச் சொல்லும் எண் கடைசி எண்ணே. ஒப்புதல் மறுத்தவர்கள் இந்தக் கணக்கில் நால்வர் மட்டுமே. மற்ற 12 பேரின் பெற்றோர் சம்மதித்திருந்தும் பிள்ளைகள் விடுபட்டார்கள். தடுப்பூசி விழுக்காடு குறையும்போது எதிர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்வது முழு உண்மையாகாது என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னும் ஒரு பிரிவினர் இந்த நூற்றுக்குள்ளேயே வரமாட்டார்கள். பள்ளியில் பெயர் இல்லாத பிள்ளைகள் அவர்கள். ஆறாம் ஆண்டுடன் படிப்பை நிறுத்தியவர்கள், பிறப்புப் பத்திரமோ அடையாள ஆவணமோ இல்லாததால் இடைநிலைப்பள்ளியில் சேராதவர்கள் ஆகியோர் பள்ளிப் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. நம் சமூகத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பது அனைவரும் அறிந்ததே.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவிகளுக்கு மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியுள்ளது. புகுமுக வகுப்பில் சேர்பவர்கள் தம் வயதினரைவிட ஓராண்டு தாமதமாகப் படிவம் 1க்குச் செல்கிறார்கள். அவர்களின் பெயர் எந்த ஆண்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது என்பதைப் பெற்றோர் பள்ளியில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

பெருந்தொற்று காட்டிய இரு முகங்கள்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளியையே நம்பியிருந்த எச்.பி.வி. திட்டம் தடுமாறியது. அதைத் தொடர்ந்து உலக அளவில் தடுப்பூசிப் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. இவ்விரண்டாலும் அந்த ஆண்டுகளில் படிவம் 1ஐக் கடந்த மாணவிகள் பலர் தங்களுக்குரிய ஊசியைப் பெறாமலோ, ஒரு தவணையுடனோ மேல் வகுப்புக்குச் சென்றார்கள்.

அதே காலத்தில் மற்றொரு தடுப்பூசிக்கு நேர்மாறான வரவேற்பு இருந்தது. 2021 செப்டம்பரில் 12 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கான கோவிட்-19 தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அந்த வயதுப் பிரிவில் நாட்டில் முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். சில மாதங்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டனர்.

ஆனால், 2022 பிப்ரவரியில் 5 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அதே நோய்க்கான தடுப்பூசி வந்தபோது, ஏறத்தாழ பாதிப் பேரே முதல் தவணைக்கு வந்தார்கள். ஒரே நாடு, ஒரே நோய், ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் முடிவெடுத்தவர்களும் அதே பெற்றோர்தான். என்ன மாறியது? 2021இல் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். தெரிந்த வீடுகளில் மரணம் நிகழ்ந்தது. பள்ளி திறக்கவும் கடைகளுக்குள் செல்லவும் தடுப்பூசி தேவைப்பட்டது. 2022இல் பயம் குறைந்தது, அவசரமும் குறைந்தது.

பெற்றோர் ஆபத்தைக் கண்ணால் காணும்போது விழுக்காடு உயர்கிறது. காணாதபோது சரிகிறது. எச்.பி.வி.யின் சிக்கலே இதுதான். 13 வயது மகளுக்கு ஊசி போடாவிட்டால் அடுத்த மாதம் எதுவும் நடக்காது, அடுத்த ஆண்டும் நடக்காது. பயம் வருவதற்கான சூழலே இல்லை. அதனால்தான் இதில் பள்ளியின் ஒழுங்கான ஏற்பாடும், பெற்றோரின் முன்யோசனையும் பயத்தின் இடத்தை நிரப்ப வேண்டியுள்ளது.

ஜப்பானின் பாடம்

நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் என்னவாகும் என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கு தொடக்கத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுச் சிறுமிகள் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டனர். பின்னர், ஊசிக்குப் பிறகு உடல் வலி, நடக்க முடியாமை போன்றவை ஏற்பட்டதாக ஊடகங்களில் தொடர்ந்து செய்திகள் வந்தன. 2013 ஜூனில் அந்நாட்டு அரசாங்கம், தடுப்பூசியை முனைந்து பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. அடுத்தடுத்த அணிகளில் விழுக்காடு ஒன்றுக்கும் கீழே போனது.

நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம் பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே அந்த அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இருந்தும், பரிந்துரை மீண்டும் முழுமையாகத் தொடங்க 2022 ஏப்ரல் வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் 2013 முதல் 2019 வரை தவறவிட்ட தடுப்பூசிகளால் எதிர்காலத்தில் ஏறத்தாழ 5,000 பெண்கள் கூடுதலாக உயிரிழக்கக்கூடும் என்று 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு கணித்தது.

பாதுகாப்பானதா?

எச்.பி.வி. தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் மேலுறையைப் போன்ற புரதக் கூடு மட்டுமே உள்ளது. அதனால் இந்த ஊசி மூலம் நோய் வர வழியில்லை. ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், சிலருக்கு இலேசான காய்ச்சல், தலைவலி ஆகியவை ஓரிரு நாள் இருக்கலாம்.

சில மாணவிகள் ஊசி போட்டதும் மயங்கி விழுவதுண்டு. பதின்ம வயதில் எந்த ஊசிக்கும் பதற்றத்தால் இப்படி நேரலாம். காலையில் பசியாறாமல் பள்ளிக்குச் செல்பவர்களுக்கு அன்று கூடுதல் சிரமம். அதனால்தான் ஊசிக்குப் பிறகு 15 நிமிடம் உட்கார வைக்கிறார்கள்.

கடுமையான ஒவ்வாமை மிக அரிது. தடுப்பூசிப் பாதுகாப்பு குறித்து உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழு 2017இல் தந்த கணக்கின்படி, பத்து லட்சம் ஊசிகளில் ஏறத்தாழ இருவருக்கு அது ஏற்படலாம். அதுவரை உலகில் 27 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகள் விநியோகிக்கப்பட்டிருந்தன. பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் எதுவும் இல்லை. பார்க்கப்போனால், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையும் கதிரியக்கச் சிகிச்சையும்தான் பல இளம் பெண்களின் தாய்மை வாய்ப்பைப் பறிக்கின்றன.

பலன் என்ன என்பதும் இப்போது அனுமானமாக இல்லை. 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் இந்நோய் 88 விழுக்காடு குறைந்திருப்பதாக 2020இல் சுவீடன் ஆய்வு காட்டியது. 12, 13 வயதில் தடுப்பூசி வழங்கப்பட்ட அணியினரிடம் 87 விழுக்காடு குறைந்திருப்பதாக 2021இல் இங்கிலாந்து ஆய்வு கூறியது. ஸ்காட்லாந்தில் 12 அல்லது 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் ஒரு நோயாளிகூடக் கண்டறியப்படவில்லை என்ற முடிவு 2024 ஜனவரியில் வெளியானது.

பையன்களுக்கும் ஊசி உண்டு

இடைநிலைப்பள்ளியில் எச்.பி.வி. மட்டுமே போடப்படுவதில்லை. 15 வயதில், அதாவது படிவம் 3இல், மாணவர் மாணவியர் இருபாலருக்கும் டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னிக்கு எதிரான கூடுதல் ஊசி போடப்படுகிறது. குழந்தைப் பருவத்தில் பெற்ற பாதுகாப்பு காலப்போக்கில் குறைவதே இதற்குக் காரணம்.

இந்த இரண்டு ஊசிகளுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. எச்.பி.வி. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. பெரும்பாலான பெண்கள் ஊசி போட்டுக்கொண்டால் கிருமியின் நடமாட்டம் குறைந்து, போடாதவர்களுக்கும் ஆண்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். இரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. துருப்பிடித்த ஆணியோ அழுக்கேறிய காயமோ அதற்குப் போதும். வகுப்பில் 39 பேர் ஊசி போட்டிருந்தாலும், போடாத நாற்பதாவது மாணவருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. விழுக்காடு எவ்வளவு உயர்ந்தாலும் தம் பிள்ளையின் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும் என்பது இதன் பொருள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பாரம் மலாயில் இருப்பதால் புரியவில்லை என்றால், கையெழுத்திடாமல் வைத்துவிடாமல் வகுப்பாசிரியரையோ அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கையோ கேளுங்கள். பிள்ளைக்கு ஒவ்வாமையோ நீண்டகால நோயோ இருந்தால் அதைப் பாரத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

* ஊசி போடும் நாளன்று பிள்ளை பசியாறிவிட்டுச் செல்லட்டும். அன்று காய்ச்சல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடலாம். ஆனால், மாற்று நாள் எது என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

* எத்தனை தவணை என்பதைக் கடிதத்தில் பாருங்கள். சூழலுக்கேற்ப ஒரு தவணையும் போதுமான பாதுகாப்பைத் தரும் என்று 2022 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் தவணைகள் தேவை. மகளுக்கு அத்தகைய நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

* பெருந்தொற்றுக் காலத்திலோ அதற்குப் பின்னரோ படிவம் 1இல் இருந்த மகளுக்கு ஊசி போடப்பட்டதா என்று நினைவில்லையா? பள்ளிச் சுகாதாரப் பதிவைப் பாருங்கள். இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக்கில் விசாரியுங்கள். வயது கடந்துவிட்டது என்று தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

* பள்ளி மாறினால், பள்ளியிலிருந்து நின்றுவிட்டால், ஊசி விவரத்தைப் புதிய இடத்திலோ கிளினிக்கிலோ தெரிவிக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

கோவில், அரசு சாரா இயக்கம், முன்னாள் மாணவர் சங்கம் ஆகியவற்றுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் நடத்தும் கல்வி உபகாரப் பொருள் வழங்கும் நிகழ்ச்சியில் பாரத்தைத் தமிழில் விளக்கப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள் யார் என்பது குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கும் ஒரு தேதி

தடுப்பூசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுப்பதில்லை. அதனால் ஊசி போட்டவர்களும் பிற்காலத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2030க்குள் நாடுகள் எட்ட வேண்டிய இலக்கை உலகச் சுகாதார நிறுவனம் 90, 70, 90 என்று வகுத்துள்ளது. 15 வயதுக்குள் 90 விழுக்காட்டுச் சிறுமிகளுக்கு முழுத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. முதல் எண்ணில் மலேசியா நெடுங்காலம் முன்னணியில் இருந்தது. இரண்டாவது எண்ணில்தான் பின்தங்கியுள்ளது.

இப்போது 30 முதல் 65 வயது வரையிலான பெண்கள், தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. பரிசோதனையை அரசாங்கக் கிளினிக்குகளில் செய்துகொள்ளலாம். கூச்சத்தால் பாப் ஸ்மியர் பரிசோதனையைத் தவிர்த்து வந்த அம்மாக்களுக்கு இது பெரிய வசதி. 2010இல் பள்ளியில் முதன்முதலாக ஊசி போட்டுக்கொண்ட மாணவிகளும் 2027இல் 30 வயதை எட்டிப் பரிசோதனை வயதுக்குள் வருகிறார்கள்.

மகளின் பாரத்தில் கையெழுத்துப் போடும் தாய்மார் பலர் ஊசி இல்லாத தலைமுறையைச் சேர்ந்தவர்கள். பாரத்தைப் பள்ளிக்கு அனுப்பும் அதே வாரத்தில் தங்கள் பரிசோதனைக்கும் கிளினிக்கில் ஒரு தேதி வாங்கிக்கொண்டால், அந்த ஒரு தாள் வீட்டில் இருவரைக் காக்கும்.